பழைய கணிப்பொறிக்குப் புதிய பாகம்

– பள்ளிக் கணிப்பொறி மன்றத்தார்



நம் பள்ளியின் மேல்மாடியில் வடகோடியில் இருக்கும் கணிப்பொறி அறையை அனைவரும் அறிவீர்கள். 2014-ஆம் ஆண்டில் வாங்கிய பன்னிரண்டு கணிப்பொறிகள் அங்கே உள்ளன. 2025 ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவற்றின் நிலை பரிதாபமாக இருந்தது. ஒரு பாடவேளை நாற்பத்தைந்து நிமிடம். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால், வேலையைத் தொடங்குவதற்குள் ஏழு நிமிடம் கழிந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார்கள் பைதான் செய்முறைப் பயிற்சியை முடிக்கும் முன்பே மணி அடித்துவிடும். தேர்வு நாளன்றும் இப்படி நேர்ந்தால் என் செய்வது என்று அவர்கள் கலங்கினார்கள்.

“பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம்” என்றனர் சிலர். ஆனால் இருந்த பணத்திற்கு இரண்டு கணிப்பொறிகளே வாங்க முடியும். இரண்டை வைத்துக்கொண்டு நாற்பது மாணவியர் எவ்வாறு பயில்வது? பாகங்களை மாற்றிப் பழையவற்றையே சீராக்கலாமே என்று கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் எண்மரும், தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் அனுமதி கேட்டோம். பள்ளி ஆண்டு விழாவில் நம் அன்னையர் பலகாரக் கடை போட்டுத் திரட்டித் தந்த தொகை எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இன்று பல இல்லங்களிலும் பழைய கணிப்பொறி ஒன்று மூலையில் கிடக்கின்றது. அதைச் சீராக்க எண்ணுவோருக்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நம்பி, நாங்கள் கற்றதை இங்கே தருகின்றோம்.

நாங்கள் செய்த தவறு

பணம் கைக்கு வந்ததும் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “மெதுவாக ஓடுகிறதா? ரேம் போடுங்கள், சரியாகிவிடும்” என்றே எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமையே கடைத்தெருவுக்குச் சென்று நான்கு ரேம் பட்டைகள் வாங்கி வந்தோம். திங்களன்று பெட்டியின் மூடியைத் திறந்து பொருத்த முயன்றபோது, பட்டை தன் இடத்தில் உட்கார மறுத்தது. எங்களுள் ஒருத்தி பெருவிரலை வைத்து அழுத்தத் தொடங்கினாள். ஆசிரியை ஓடிவந்து தடுத்திராவிட்டால் பலகையே உடைந்திருக்கும்!

நாங்கள் வாங்கியது டி.டி.ஆர்.4 என்னும் வகை. எங்கள் கணிப்பொறிகளுக்கு வேண்டியதோ டி.டி.ஆர்.3. உறை பிரித்த பொருளைக் கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. அவர்மீது குற்றமில்லை. “எந்த போர்டுக்கு அம்மா?” என்று அவர் கேட்டபோது, “கணிப்பொறிக்குத்தான்” என்று விடை சொன்னவர்கள் நாங்களே.

மொத்தத் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போயிற்று. விடியற்காலையில் எழுந்து முறுக்கும் அதிரசமும் சுட்டவர்களின் உழைப்பு அது. தலைகுனிந்து நின்ற எங்களைத் தலைமையாசிரியை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. “போனது போகட்டும், பிள்ளைகளே. ஏன் போயிற்று என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் மறுபடியும் போகும்” என்றார்கள். அந்த நோட்டிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

மாணவி, மேசை, நூலகம்

கணிப்பொறியின் உள்ளே நடப்பதை நம் பள்ளிக் காட்சி ஒன்றால் விளக்கலாம். ஒரு மாணவி மேசையருகே அமர்ந்து படிக்கின்றாள். வேண்டிய நூல்களை நூலகத்திலிருந்து கொண்டுவந்து மேசைமேல் விரித்து வைத்துக்கொள்கின்றாள். மாணவியே ‘பிராசஸர்’ எனப்படும் செயலி. மேசையே ‘ரேம்’ எனப்படும் நினைவகம். நூலகமே ‘ஹார்டு டிஸ்க்’. மாலையில் மேசையைத் துடைத்துவிடுவதுபோல், மின்சாரம் நின்றதும் ரேமில் உள்ளவை மறைந்துவிடும். நூலகத்தில் உள்ளவையோ நிலைத்திருக்கும். இம்மூன்றையும் இணைக்கும் பெரிய பலகையே ‘மதர்போர்டு’. மின்சாரத்தைப் பதப்படுத்தித் தருவது ‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்னும் பெட்டி.

அவளது படிப்பு தாமதமாவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மேசை சிறியதாயிருந்தால், ஒரு நூலை வைத்துவிட்டுத்தான் மற்றொன்றை எடுத்துவர வேண்டும். நூல் எடுத்துத் தருபவர் மிக மெதுவானவராயிருந்தால், மேசை எவ்வளவு பெரியதாயினும் காத்திருக்கத்தான் வேண்டும். மாணவியே மெதுவாகக் கணக்குப் போடுபவளாயிருந்தால், மேசையும் நூலகமும் என்ன செய்யும்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே ‘தாமதம்’தான். ஆனால் ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

கணிப்பொறியையே கேட்போம்

எது குறை என்பதைக் கணிப்பொறியே சொல்லும். விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘பர்ஃபார்மன்ஸ்’ என்ற பகுதிக்குச் சென்றால் சி.பி.யு., மெமரி, டிஸ்க் ஆகியவை எவ்வளவு உழைக்கின்றன என்பது விழுக்காட்டில் தெரியும். கணிப்பொறி திணறும் நேரத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் அடிக்கும்போது வெப்பமானி வைத்தால்தானே உண்மை தெரியும்?

மெமரி எப்போதும் 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் மேசை போதவில்லை என்று பொருள். மெமரியில் இடமிருந்தும் டிஸ்க் 100-லேயே நின்றால் நூலகமே தாமதம். மற்ற இரண்டும் ஓய்ந்திருக்க சி.பி.யு. மட்டும் 100-ஐத் தொட்டு நின்றால் செயலியின் ஆற்றல் போதவில்லை. அல்லது வேண்டாத நிரல் ஏதோ பின்னணியில் ஓடுகின்றது.

மூன்று நாள்கள் பன்னிரண்டு கணிப்பொறிகளின் முன்னும் அமர்ந்து நாங்கள் குறிப்பெடுத்தோம். நான்கு ஜி.பி. ரேமில் 70 விழுக்காட்டுக்கு மேல் பயன்படவில்லை. சி.பி.யு. 30-ஐச் சுற்றியே இருந்தது. டிஸ்க் மட்டும் முதல் ஆறு நிமிடமும் 100-ஐ விட்டு இறங்கவே இல்லை. அப்போதுதான் எங்கள் தவறு முழுவதும் விளங்கிற்று. நாங்கள் வாங்கிய ரேமின் வகை மட்டும் தவறன்று. ரேம் வாங்கியதே தவறு! நோய் வேறிடத்தில் இருந்தது.

சுழலும் தட்டும் சுழலாத தட்டும்

ஹார்டு டிஸ்க் 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் உலகுக்கு அளித்த கருவி. அந்த முதற்கருவியில் இரண்டடி அகலமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அது தாங்கியதோ ஐம்பது லட்சம் எழுத்துகள்தான். இன்று அது உள்ளங்கையில் அடங்கினாலும் முறை ஒன்றே: தட்டு சுழல்கின்றது, ஊசிபோன்ற ஒரு முனை அதன்மேல் நகர்ந்து செய்தியைத் தேடுகின்றது.

எங்கள் ஹார்டு டிஸ்க் நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்வது. வேண்டிய இடம் சுழன்று வரச் சராசரியாக 4 மில்லிநொடி ஆகும். முனை நகர ஏறத்தாழ 9 மில்லிநொடி. ஆக, ஓரிடத்தைத் தேடிச் சேர 13 மில்லிநொடி. இது கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவுதான். எனினும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 75 இடங்களையே எட்ட முடியும். கணிப்பொறி விழித்தெழும்போது அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் துணுக்குகளைப் படிக்க வேண்டியிருக்கின்றது. தாமதத்தின் இரகசியம் இதுவே.

எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகையில் சுழலும் பாகமே இல்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டறிந்த ‘ஃபிளாஷ்’ நினைவகச் சில்லுகளால் ஆனது அது. தட்டும் முனையும் இல்லாததால், ஓரிடத்தை எட்ட மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு அளவே போதும். நூறு மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டால்தான் பத்தாண்டுப் பழைய கணிப்பொறியும் இளமை பெறுகின்றது.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது அதன் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டரை அங்குல ‘சாட்டா’ வகை பழைய கணிப்பொறிகள் பலவற்றிலும் பொருந்தும். நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. வரை தரும். ‘எம்.2’ என்பது 22 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒல்லியான பட்டை. இதில்தான் பலர் ஏமாறுகின்றனர். ஒரே தோற்றமுள்ள எம்.2 பட்டைகளில் ‘சாட்டா’ வழியில் பேசுவதும் உண்டு, ‘என்.வி.எம்.இ.’ வழியில் பேசுவதும் உண்டு. பின்னது பன்மடங்கு வேகமுடையது. ஆனால் பலகை அந்த வழியை அறியாததாயின் பட்டை பொருந்தியும் வேலை செய்யாது. எனவே வாங்குமுன் மதர்போர்டின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, அதன் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

எங்கள் பலகைகளில் எம்.2 இடமே இல்லை. சாட்டா முனைகள் இரண்டுதான். ஒன்றில் ஹார்டு டிஸ்க், மற்றொன்றில் டி.வி.டி. கருவி. எவரும் தொடாத டி.வி.டி. கருவியைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் எஸ்.எஸ்.டி.யை இணைத்தோம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கோப்புகள் சேமிக்கும் பரணாக வைத்துக்கொண்டோம். விலைகள் நாளுக்கு நாள் மாறுவதால் இங்கே எழுதவில்லை.

ஓர் எச்சரிக்கை. டிஸ்க்கில் கை வைக்குமுன் உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரலால் அதைப் படிக்கலாம். எங்கள் டிஸ்க்குகளில் இரண்டு ‘எச்சரிக்கை’ காட்டின. அவற்றில் இருந்த பழைய மாணவியரின் திட்டப்பணிகளை முதல் வேலையாகப் பிரதி எடுத்தோம். ஒரு மாதத்தில் அவற்றுள் ஒன்று அடியோடு நின்றுவிட்டது.

ரேம் வாங்குவோர் கவனத்திற்கு

உண்மையிலேயே மேசை போதாதவர்கள் ரேம் வாங்கத்தான் வேண்டும். நாங்கள் பட்ட பாட்டை அவர்கள் படாதிருக்க நான்கு செய்திகள்.

முதலாவது, தலைமுறை. மேசைக் கணிப்பொறிக்குரிய டி.டி.ஆர்.3 பட்டையில் 240 தொடுமுனைகள் உண்டு, அது 1.5 வோல்ட்டில் இயங்குவது. டி.டி.ஆர்.4 பட்டையில் 288, அது 1.2 வோல்ட். டி.டி.ஆர்.5 பட்டையிலும் 288 தொடுமுனைகளே, ஆனால் 1.1 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையக் கூடாது என்பதற்காகவே அடிப்புற வெட்டு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் அமைக்கப்பட்டுள்ளது. பட்டை உட்காரவில்லை என்றால் அது பலத்தைக் கேட்கவில்லை. “நான் இவ்விடத்திற்குரியவள் அல்லள்” என்றே சொல்கின்றது. மடிக்கணிப்பொறியின் பட்டை அளவிலேயே சிறியது.

இரண்டாவது, பலகையின் எல்லை. எத்தனை இடங்கள், மொத்தம் எத்தனை ஜி.பி. வரை ஏற்கும் என்பவை கையேட்டில் இருக்கும்.

மூன்றாவது, இணை. ஒரே அளவும் வேகமும் உள்ள இரு பட்டைகளை உரிய இடங்களில் பொருத்தினால், இரு வழிகளில் ஒருசேரச் செய்தி பாயும். பெரிய பட்டை ஒன்றைவிடச் சிறிய பட்டை இரண்டு பல வேளைகளில் மேல்.

நான்காவது, 32 பிட், 64 பிட் வேறுபாடு. பள்ளி அலுவலகத்திலுள்ள பழைய கணிப்பொறிக்கு எட்டு ஜி.பி. ரேம் போட்டும், ஏறத்தாழ மூன்றேகால் ஜி.பி. மட்டுமே பயன்பட்டது. காரணம், அதில் இருந்தது 32 பிட் விண்டோஸ். இரண்டை முப்பத்திரண்டு முறை பெருக்கினால் 4,294,967,296 வரும். அத்தனை முகவரிகளையே அது அறியும். அதாவது நான்கு ஜி.பி. தான் எல்லை. அதிலும் ஒரு பகுதியை மற்றக் கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. 64 பிட் முறைக்கு மாற்றியதும் மேலும் செலவின்றியே முழு ரேமும் கிடைத்தது.

பாகம் மாற்றினாலும் தீராத குறை

சில குறைகளுக்குப் புதுப் பாகம் மருந்தாகாது. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். எங்களுடையவை நான்காம் தலைமுறைச் செயலிகள். குறுக்கு வழிகள் இருப்பதாகச் சிலர் கூறினர். பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களும் முகவரிகளும் இருக்கும் இடத்தில் குறுக்கு வழி வேண்டாம் என்று ஆசிரியை மறுத்துவிட்டார்கள். புதிய எஸ்.எஸ்.டி.யில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவினோம். பைதான், லிப்ரே ஆபீஸ், தமிழ்த் தட்டச்சு அனைத்தும் அதில் உண்டு. முதல் வாரம் சற்று வழி தெரியாமல் தடுமாறினோம், பின்னர் பழகிவிட்டது.

வீட்டில் தம்பிமார் விளையாட்டுக்காகப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு கேட்பதுண்டு. அம்மாமார்கள் அறிய ஒரு செய்தி: கார்டு செருகும் இடம் தருவது 75 வாட்டே. அதற்கு மேல் வேண்டுமாயின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். அப்பெட்டிக்கு அந்த வலிமை இல்லையேல், புதுக் கார்டோடு புதுப் பெட்டியும் வாங்க நேரிடும். செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைப்பது நல்லது.

பெட்டியைத் திறக்குமுன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கையும் பிடுங்க வேண்டும். பிறகு பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டபின் பாகங்களைத் தொட வேண்டும். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் நமக்கு உறைப்பதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் ஆக வேண்டும். சில சில்லுகளுக்கோ நூறு வோல்ட்டுக்கும் குறைவானதே போதும். நாம் உணராமலே அவை பழுதாகிவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எவரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். மடிக்கணிப்பொறியின் பாட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சிறுமியர் பெரியோர் ஒருவர் உடனிருக்கும்போதே இவ்வேலையில் இறங்க வேண்டும்.

பொருத்தியபின் வரும் தொல்லைகள்

புதுப் பாகம் பொருத்தியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, பயனில்லையேல் பழையபடி வை – இம்மூன்றும் எங்கள் மன்றத்தின் விதிகள். மூன்றை ஒருசேர மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாமலே போய்விடும். எங்கள் நோட்டிலிருந்து சில பக்கங்கள்:

நான்காம் எண் கணிப்பொறி: ரேமை எடுத்துத் துடைத்து மீண்டும் போட்டபின் திரை எழவில்லை, ‘பீப், பீப்’ என்ற ஒலி மட்டும் கேட்டது. அந்த ஒலி ஒரு மொழி. ஒவ்வொரு பலகைக்கும் குறிப்பு வேறாதலால் கையேட்டைப் பார்த்தோம். ரேம் குறை என்றிருந்தது. பட்டை ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. இரு முனைகளிலும் ‘கிளிக்’ என்று கேட்கும்படி மெல்லப் பொருத்தியதும் எழுந்தது.

ஒன்பதாம் எண்: புதிய எஸ்.எஸ்.டி. இருப்பதாகவே தெரியவில்லை. பொருள் பழுது என்று கடைக்கு ஓட எண்ணினோம். முதலில் வயரை மாற்றிப் பார்ப்போம் என்றாள் ஒருத்தி. பழுது வயரில்தான் இருந்தது. வயரும் சரியாக இருந்தால், ‘பயாஸ்’ பகுதியில் அது தென்படுகின்றதா, எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் எழ வேண்டும் என்ற வரிசை சரியா என்று பார்க்க வேண்டும்.

பதினோராம் எண்: இருபது நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும். திறந்து பார்த்தால் செயலியின் மேலுள்ள விசிறி முழுதும் தூசி. ஓரத்தில் பல்லி முட்டைகள்! வெப்பம் வெளியேற வழியின்றிச் செயலி தன்னைக் காத்துக்கொள்ளவே அணைந்தது. தூசியைப் போக்கி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவியதும் குணமாயிற்று. விசிறியைச் சுழலாதபடி பிடித்துக்கொண்டு தூசி ஊத வேண்டும்.

ஏழாம் எண் எங்களை மிகவும் அலைக்கழித்தது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்றே வந்தது. வைரஸ் என்று எண்ணி இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்து நிறுவினோம். மூன்றாம் நாள் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எட்டிப் பார்த்து, “அக்கா, இதில் ஏன் 2014 ஜனவரி என்று இருக்கிறது?” என்றாள். நாங்கள் விழித்தோம். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2014-இல் இருப்பதாக எண்ணும் கணிப்பொறிக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது அன்றோ? மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சி.ஆர்.2032 என்ற மூன்று வோல்ட் பொத்தான் பாட்டரி தீர்ந்திருந்தது. மாலைதோறும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவதால் அது ஒன்றே இரவெல்லாம் கடிகாரத்தைக் காத்து வந்திருக்கின்றது. எல்லாவற்றிலும் விலை குறைந்த பாகம் அதுதான். அதை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

எப்போது நிறுத்துவது?

மருத்துவர் கைவிட வேண்டிய நேரமும் உண்டு. மதர்போர்டே பழுதாகிவிட்டால், அதற்கேற்ற செயலியும் ரேமும்கூடப் புதிதாக வேண்டியிருக்கும். அது ஏறக்குறையப் புதுக் கணிப்பொறிதான். எங்கள் பன்னிரண்டில் இரண்டு இவ்வாறு ஓய்வு பெற்றன. ஆயினும் அவற்றின் ரேம் பட்டைகள் வேறு இரண்டில் சேர்ந்து, அவற்றை எட்டு ஜி.பி. ஆக்கின.

ஓய்வு பெற்ற பெட்டிகளைக் குப்பையில் எறியலாகாது. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. பழைய பலகைகளின் பற்றாசில் ஈயம் உண்டு. மண்ணிலும் நீரிலும் கலந்தால் அது நஞ்சு. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை சேர வேண்டும். கொடுக்குமுன் டிஸ்க்கில் உள்ளதை முற்றிலும் அழித்துவிட வேண்டும்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜர் எதைக் காட்டுகின்றது? மதர்போர்டின் பெயரும் எண்ணும் என்ன? அது எந்த வகைப் பாகத்தை, எவ்வளவு வரை ஏற்கும்? செலவே இல்லாத மருந்து – தூசி துடைத்தல், வயர் மாற்றுதல், வேண்டாத நிரலை நீக்குதல் – பார்த்தாயிற்றா? பொருந்தாவிட்டால் கடைக்காரர் திரும்பப் பெறுவாரா? இவ்வைந்திற்கும் விடையை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். விடை தெரியாத கேள்வி ஒன்று இருந்தாலும் பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

இன்று நம் கணிப்பொறி அறையில் பத்துக் கணிப்பொறிகள் நாற்பது வினாடிக்குள் எழுந்து நிற்கின்றன. அக்காமார்கள் பயிற்சியை முடித்துவிட்டு மணிக்காகக் காத்திருக்கின்றார்கள். 

தவறி வாங்கிய நான்கு பட்டைகளில் இரண்டை, தம் வீட்டுக் கணிப்பொறிக்குப் பொருந்துமா என்று நன்கு பார்த்தபின், ஒரு மாணவியின் தாயார் விலைக்கு வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டும் அறையின் கண்ணாடி அலமாரியில், “கேளாமல் வாங்கியவை” என்ற சீட்டுடன் இருக்கின்றன. அடுத்த ஆண்டு மன்றத்தில் சேரும் தங்கையருக்கு முதல் பாடத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.